‘லாம்’ என்ற இரண்டு எழுத்து

கழிப்பறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. ‘பராமரிப்புப் பணி காரணமாகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’ தேதி எழுதியிருந்த இடத்தை வெயில் தின்றுவிட்டது. பூட்டில் துரு ஏறி, சாவித் துளையில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. அதே கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில், பெயின்ட் பளபளப்புகூடப் போகாமல், கொட்டை எழுத்தில் இன்னொரு வாசகம்: ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர். மீறினால் அபராதம் விதிக்கப்படும்.’

கதவைப் பூட்டியதும் உள்ளாட்சி மன்றம்தான், சுவரில் எழுதியதும் அதே மன்றம்தான்.

அன்றைக்கு அம்மாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். நீரைப் பிரிக்க மாத்திரை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார், பிரிந்த நீரை விட இடம்தான் இல்லை. அம்மா அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லை, வீட்டுக்கே போய்விடலாம்” என்றார். வீடு முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் வெளியே கிளம்பும் நாளில் காலை மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறார், தண்ணீரையும் தொடுவதில்லை. கேட்டால், “எதற்கு வம்பு?” என்கிறார். தண்ணீர் குடிப்பது எப்போதிலிருந்து வம்பாயிற்று?

இதை ‘இயற்கை உபாதை’ என்று நாசூக்காகச் சொல்வார்கள். அது உபாதையே இல்லை. உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மூத்திரப்பை அரை லிட்டர் அளவுக்குத்தான் தாங்கும். நகரமன்றத் தலைவருக்கும் அதே அளவுதான். அடக்கி அடக்கி வைத்தால் தொற்று வரும், தண்ணீரைக் குறைத்தால் கல் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விஷயம் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியாதா?

கோபத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கோபம் இரட்டிப்பாயிற்று. இங்கே இங்கிலாந்தில் பொதுக் கழிப்பறைக்கென்று உள்ள சட்டப் பிரிவு 1936-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. உள்ளாட்சி மன்றம் கழிப்பறை அமைத்துத் தர‘லாம்’ என்கிறது அது. தர வேண்டும் என்று இல்லை. மனமிருந்தால் தரலாம், இல்லாவிட்டால் பூட்டிவிட்டுப் போகலாம், கேட்பாரில்லை. வேல்ஸ் நாடு 2017-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு மன்றமும் கழிப்பறைக்கான திட்ட அறிக்கை தயாரித்து வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. நல்லது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியிலேயே குட்டு உடைந்தது. அறிக்கைதான் கட்டாயம், கழிப்பறை கட்டாயமில்லை. அவசரம் வந்தால் அந்த அறிக்கையை எடுத்து விரித்துக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது.

‘தரலாம்’ என்பதற்கும் ‘தர வேண்டும்’ என்பதற்கும் இடையில்தான் அம்மா கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார். சுவரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அபராதம் விதிக்கப்‘படும்’. அங்கே ‘லாம்’ கிடையாது. தண்டிக்கும்போது மட்டும் இலக்கணம் இவ்வளவு கறாராகிவிடுகிறது!

2010-இல் ஐக்கிய நாடுகள் சபை குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 2013-இல் நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை தினமாக அறிவித்தது. அந்தத் தினத்தன்று மேடை போடுவார்கள், பேசுவார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒதுங்க இடம் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

காசு இல்லை என்பது முதல் சாக்கு. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய்ப் பொறியாளர் கட்டணக் கழிப்பறை வைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் வரமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சு அன்றைக்கே செத்துவிட்டது. கட்டணம் சரியா என்பது வேறு வழக்கு. கையில் சில்லறை இல்லாதவனுக்கும் மூத்திரப்பை உண்டு என்று நினைக்கிற கட்சி நான்.

அடுத்த சாக்கு, விஷமிகள் உடைத்துவிடுகிறார்களாம். தெருவிளக்கையும்தான் கல்லெறிந்து உடைக்கிறார்கள். அதற்காக ஊரை இருட்டிலா போட்டுவிட்டார்கள்? பல்பை மாற்றுகிறார்கள் அல்லவா? கடைகளிலும் உணவகங்களிலும் இருக்கிறதே என்பது இன்னொன்று. அங்கே போய், வேண்டாத ஒன்றை வாங்கி, கல்லாவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பல்லிளித்துச் சாவி வாங்க வேண்டும். நாள் முழுக்கத் தெருவிலேயே வேலை செய்கிறவர்கள் எத்தனை முறை அப்படிப் பல்லிளிப்பார்கள்? ஓட்டுநர்கள், பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பவர்கள், இதே மன்றத்தின் சீருடையில் இந்தக் கழிப்பறை வாசலைத் தினமும் பெருக்குகிறவர்கள்? வாசலைப் பெருக்கும் பெண்மணியிடம் கேட்டேன். “பழகிவிட்டது” என்றார்.

பெண்களுக்கு எப்போதுமே இந்தக் கதிதான். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் உள்ளாட்சி உறுப்பினராக இருந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று மன்றாடியபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கு எதிர்ப்பவர் யாரும் இல்லை. இரு பாலருக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கிவிட்டு, சமத்துவம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள் பக்கம் நின்றபடியே போகும் பீங்கான்களை வரிசையாக நெருக்கிப் பதித்துவிடலாம். பெண்கள் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கதவும் தடுப்பும் வேண்டும். இடம் ஒன்றுதான், எண்ணிக்கை ஒன்றல்ல. திறந்திருக்கும் அபூர்வ நாட்களிலும் வாசலைத் தாண்டி நிற்கும் வரிசை எந்தப் பக்கத்து வரிசை என்று சொல்லத் தேவையில்லை.

புகார் கொடுக்க மன்ற அலுவலகத்துக்கே போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்ததில் எனக்கே அவசரம் வந்துவிட்டது. கேட்டதற்கு, “இது ஊழியர்களுக்கு மட்டும்” என்றார் அங்கிருந்த அலுவலர், மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்க்காமலே. புகாரை மட்டும் வாங்கிக்கொண்டு எண் கொடுத்தார்.

பத்தாவது நாள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ‘தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.’ ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த பழைய பூட்டைக் காணவில்லை. புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.