மீட்டரை நம்பி உட்காராதீர்கள்

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் டைமிங் பெல்ட்டை (இன்ஜின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்) மாற்றுங்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் அந்த மீட்டரை யார் நம்புவது? தண்டையார்பேட்டையில் நான் வாங்கிய பழைய சான்ட்ரோ 48,000தான் காட்டியது; மெக்கானிக் அண்ணன் மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் பெல்ட்டின் பல் இடுக்கெல்லாம் பொடி வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது, ஆயில் கசிவு வேறு. ரப்பர்தானே, வண்டி சும்மா நின்றாலும் வயசாகும். அதோடு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் மாட்டினால் மீட்டர் ஏறாது, பெல்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெல்ட் மாற்றிய பழைய பில் இல்லையா, மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கின வாரமே, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறதென்றால் அதையும், இல்லாவிட்டால் அப்புறம் கூலி இரண்டு தடவை. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

முதலில் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். மாருதி கே10 இன்ஜினில் செயின்தான். என் மச்சான் அது தெரியாமல் பெல்ட் தேடி, உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தான்.