கோரையைப் பிடுங்கினால் ஏரி அழகாகிவிடுமா?

நம்ம ஊர் ஏரிக்கரைப் படத்தை நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் பகிர்கிறீர்கள். கோரையும் சம்பும் என்று நீர்ப்புல் நின்ற இடத்தில் சிமெண்ட் சரிவு, மேலே நடைபாதை, கலர் விளக்கு. கீழே நூறு 'சூப்பர்'. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வரத்துக் கால்வாயில் பாய்ந்து வரும் வெள்ளத்தை நிதானப்படுத்தி வண்டலைப் பிடித்துவைத்தது அந்தக் கோரைதான். அலை அரிக்காமல் கரையைக் காத்ததும் அதுதான். நாமக்கோழி என்கிற நீர்ப்பறவை முட்டை வைத்ததும் அதற்குள்தான். ஏரி சும்மா செய்துகொண்டிருந்த வேலையைக் காசு செலவழித்து நிறுத்தியிருக்கிறோம்.

பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்ட விவசாயிகள், பறவைகளைச் சுடக் கூடாது என்று 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் யாரும் ஏரிக்கு அலங்காரம் செய்யவில்லை. அது செய்கிற வேலையைச் செய்யவிட்டார்கள்.

என் தாத்தா கோடையில் வண்டல் அள்ளி மாட்டுவண்டியில் வயலுக்கு அடிப்பார். கரையோரம் மண்வெட்டி பட்டால் கத்துவார். "புல்லு போனா கரை போச்சுடா!"

பாம்பு வருகிறது என்கிறீர்கள். பாம்பு அங்கேயேதான் இருந்தது, பக்கத்தில் மனை போட்டது நாம். கொசு என்கிறீர்கள். கொசுப்புழுவைத் தின்னும் மீன்குஞ்சும் தட்டான் புழுவும் அந்தக் கோரைக்குள்தானே வளர்ந்தன? பெரியவர்கள் நடக்க வேண்டாமா என்றால், வேண்டும், சரி. கரைமேல் மண்பாதை இருந்ததே! சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், நானும் வருகிறேன். அதோடு சேர்த்து நாட்டுக் கருவேலத்தையும் சாய்த்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இதைச் சொன்னதற்கு வளர்ச்சிக்கு எதிரி என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். அதே ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டுத்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்? வலிக்கிறது.

அப்புறம் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். நடைபாதைக்காக அதில் பாதியை அடைத்திருக்கிறார்கள். அதில் வழிகிற தண்ணீர் அடுத்த ஊர்த் தாங்கலுக்கு, அந்தச் சின்ன ஏரிக்கு, போக வேண்டியது. ஏரிக்கு ஏரி இப்படிச் சங்கிலியாகக் கோத்துவைத்த மாவட்டம் இது. 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்று மறந்துவிட்டதா? ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த அடைப்பை எடுத்தாக வேண்டும். அடுத்த கிராமசபையில் கேட்கப் போகிறேன். 'சூப்பர்' போட்டவர்களில் எத்தனை பேர் கூட வருவீர்கள்?