கீழே குனிந்து பார்க்க ஏன் இத்தனை தயக்கம்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்பவனுக்கு டபுள் கெப் ஆடம்பரப் பொருள் அல்ல. விதைநெல், பசளை மூட்டை, டீசல், வேலையாட்கள் என எல்லாமே கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போவது அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் இருந்ததையே கண்ணும் கருத்துமாகப் பேணி வந்தேன். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் புதியதன் விலை எனக்கு எட்டவில்லை. அந்த வாகனத்தை ஒரு கராஜை நம்பி ஒப்படைத்துப் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

பெரும்போக விதைப்புக் காலத்தில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் முன் இடது சில்லுப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது. நேராக ஓடும்போது ஒன்றும் இல்லை. இதைத் தெளிவாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, “பெயரிங் போயிற்று” என்று தீர்ப்பு வந்துவிட்டது. தேய்ந்த பெயரிங் நேர் வீதியிலும் வேகம் ஏற ஏற ஊளையிடுமே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெயரிங்கை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. போல் ஜொயின்ட்டை மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. இரண்டு தடவையும் பணம் வாங்கியவர்கள் ஒரு தடவையாவது சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்திருந்தால், சில்லு திரும்பி நிற்கும்போதும் அதைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சீவி ஜொயின்ட்டை மூடியிருக்கும் றப்பர் உறையான ‘பூட்’ மடிப்போரம் கிழிந்து, கறுப்புக் கிறீஸ் றிம்மின் உட்புறமெங்கும் விசிறியடித்திருந்தது கண்ணில் பட்டிருக்கும். அதற்கு ஒரு டோர்ச் லைட்டும் இரண்டு நிமிடமும் போதும்.

அந்த ஜொயின்ட்டுக்குள் இருப்பவை ஆறு இரும்புக் குண்டுகள். சில்லு நேராக நிற்கும்போது அவை தம் பள்ளங்களில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். சில்லை ஒடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் ஓடும். பூட் கிழிந்து கிறவல் வீதிப் புழுதியும் வாய்க்கால் சேறும் உள்ளே புகுந்து பள்ளத்தை அரித்துவிட்டால், குண்டு அந்தக் குழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தட்டும். மணல் நிலத்தில் நான்கு சில்லு இழுவையைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடித்தால் இந்தச் சத்தம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும். தார் வீதியில் அப்படிச் செய்யக்கூடாது, கியர்களுக்குக் கேடு. திருப்பும்போது சத்தமில்லாமல், வேகம் கூட்டும்போது வாகனம் நடுங்கினால் அதே ஷாஃப்ட்டின் மறுமுனையிலுள்ள உட்பக்க ஜொயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவும் தொழில் தெரிந்தவர்களுக்குப் பாலபாடம்.

மூன்றாம் முறை நானே விரலால் சுட்டிக் காட்டிய பிறகுதான் ஷாஃப்ட்டைக் கழற்றினார்கள். கழற்றிய விதத்தில் ஷாஃப்ட் போய்ச் சேரும் டிஃபரன்ஷல் கியர்ப் பெட்டியின் ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் கிழிந்தது. புதிய ஜொயின்ட்டுக்குப் போட வேண்டிய மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸுக்குப் பதிலாக, டப்பாவில் திறந்து கிடந்த ஏதோ கிறீஸை அள்ளி அப்பினார்கள். எல்லாவற்றையும் விட என்னை வதைத்தது, றப்பர் பூட்டை இறுக்கும் கிளிப் இல்லையென்று கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியதுதான். கம்பி றப்பரை அறுக்கும் என்பது ஒரு சிறு பிள்ளைக்கும் தெரியும். அறுத்தது. இரண்டு மாதமும் ஆகவில்லை, மாரி மழைக்குள் அதே சில்லு, அதே ‘டக் டக்’.

சத்தம் தொடங்குமுன் கிழிசலைக் கண்டிருந்தால், ஜொயின்ட்டைக் கழுவி, புதிய கிறீஸும் புதிய றப்பர் பூட்டும் போட்டு அதையே காப்பாற்றியிருக்கலாம். அரித்த இரும்பு எந்தக் கிறீஸாலும் திரும்பி வராது. களுவாஞ்சிகுடிப் பக்கம் வேறொரு கராஜில், கேட்காமலே வாகனத்தை உயர்த்தி, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, குழி விழுந்த பள்ளத்தை என் விரலால் தடவிப் பார்க்கச் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். முதல் கராஜ் கழற்றிய பெயரிங்கை அவர்களிடம் காட்டினேன். கையில் சுழற்றிப் பார்த்துவிட்டு, அதில் ஒரு பழுதும் இல்லை என்றார்கள். அது இப்போது கெப்பின் முன் ஆசனத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.