அஸ்தம்பட்டி மதிலும் முதல் திருத்தமும்

அக்கா மகள் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் கையில் கைடு. அரசமைப்புச் சட்டத் திருத்தங்களை, 42 அடிப்படைக் கடமைகள், 44 சொத்துரிமை, 61 வாக்களிக்கும் வயது 18, 73 பஞ்சாயத்து, 86 கல்வி உரிமை என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் திருத்தம் என்ன என்றேன். "1951. ஒன்பதாவது அட்டவணை, 15(4)." நிலச்சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றம் தொடாமல் காக்கும் பட்டியல், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் பிரிவு. கைடில் அவ்வளவுதான் இருந்தது, பச்சை மையில் அடிக்கோட்டுடன்.

எனக்கு எரிச்சல் வந்தது, அவள்மேல் அல்ல. அந்தத் திருத்தத்துக்கு இட்டுச்சென்ற கெடுபிடியில் சிந்திய ரத்தம் இங்கே, இந்த மத்திய சிறை மதிலுக்கு உள்ளே இருக்கிறது.

1950 பிப்ரவரி 11. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாள். சேலம் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். பலர் மலபார் விவசாயிகள். (மலபார் அப்போது நம் மாகாணம்.) அதே கெடுபிடியில், அடுத்த பதினெட்டாம் நாள், மார்ச் 1 அன்று, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாதென்று சென்னை அரசு தடை போட்டது. காரணம் 'பொது ஒழுங்கு'. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். பேச்சுரிமையை எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் 19(2)இல் அப்படியொரு காரணமே இல்லை, தடை செல்லாது என்று மே மாதம் தீர்ப்பு.

அரசு என்ன செய்தது? இல்லாத சொல்லைச் சேர்த்துவிட்டது! 1951 ஜூனில், முதல் பொதுத்தேர்தலே நடக்காத நிலையில், தற்காலிக நாடாளுமன்றம் 'பொது ஒழுங்கு' என்பதை 19(2)க்குள் நுழைத்தது. துண்டறிக்கை கொடுத்தவரையும் முகநூலில் எழுதியவரையும் தூக்கிப்போகும்போது இன்றுவரை சொல்லப்படுவது அதுதான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 'நியாயமான' கட்டுப்பாடுகள் என்ற சொல்லும் அந்தத் திருத்தத்தில்தான் அங்கே வந்தது. அந்த ஒரு சொல் இருப்பதால்தான் கட்டுப்பாடு அளவு மீறியதா என்று நீதிமன்றம் எடைபோட முடிகிறது.

இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் கைடை மூடினாள்.

"அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் எனக்குக் காலேஜ் சீட்டே கிடைத்திருக்காது மாமா. அதைப் போய்த் திட்டுகிறீர்களே?"

அதுவும் சரிதான். செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதி, மதவாரியாகக் கல்லூரி இடங்களைப் பிரித்த நம் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது, பெரியார் தெருவில் இறங்கினார், 15(4) வந்தது. இரண்டு வழக்கும் சென்னை மாகாணத்து வழக்கு, இரண்டுக்கும் ஒரே திருத்தம். ஒரு கை கொடுத்தது, மறு கை பிடுங்கியது. நாம் கொடுத்த கையை மட்டும் கொண்டாடுகிறோம், பிடுங்கியது கைடில்கூட இல்லை.

"பாதியைத்தான் திட்டுகிறேன்" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஜன்னல் சீட்டுக்கு ஓடினாள்.