போர்டு மாட்டிட்டா போதுமா?

அந்த சூட்கேஸ் வீடியோவ இன்னும் எத்தன குரூப்புல தான் அனுப்புவீங்க? காலைல இருந்து எந்த குரூப்ப தொறந்தாலும் அந்த அக்கா கவுண்டர்ல நின்னு கத்திகிட்டு இருக்காங்க, கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. எங்க அத்தான் ஒருத்தர் "இவங்கள மாதிரி ஆளுங்களால தான் கடைக்காரங்க நொந்து போறாங்க"ன்னு எழுதி, அதுக்கு எட்டு பேரு கைதட்டல் வேற. தெரியாதவங்களுக்கு ஒரே வரில சொல்லிடுறேன்: அந்த அக்கா சக்கரம் கழண்ட சூட்கேஸ திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க, வித்த பொருள திரும்ப எடுக்க மாட்டோம்னு போர்டு மாட்டின கடை பணத்துக்கு பதிலா கூப்பன் தான் தருவோம்னு சொல்லுது. மத்தபடி நான் மறுபடி கதை சொல்லப் போறதில்ல.

ஆனா ஒண்ணே ஒண்ணு. அந்த வீடியோவ சவுண்டோட பாத்தீங்களா இல்ல மியூட்ல பாத்து சிரிச்சீங்களா? அந்த அக்கா சொல்றாங்க, ஒரே ஒரு தடவ இழுத்துகிட்டு போனேன், சக்கரம் கழண்டு வந்துடுச்சுன்னு. கவுண்டர்ல இருக்குறவரு சொல்றாரு, "யூஸ் பண்ணிட்டீங்களே மேடம், யூஸ் பண்ணத எடுக்க மாட்டோம்." சூட்கேஸ யூஸ் பண்ணாம சக்கரம் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? பீரோவுக்குள்ள வச்சு பொட்டு வச்சு கும்பிட்டா தெரியுமா? இந்த வசனத்துக்கு ஒருத்தரும் சிரிக்கல. அந்த அம்மா குரல் ஒசந்தது தான் உங்களுக்கு காமெடி.

நான் சொல்ல வர்றது ரொம்ப சின்ன விஷயம். பிடிக்கலன்னு திருப்பிக் குடுக்குறது வேற, பழுதுன்னு திருப்பிக் குடுக்குறது வேற. கலர் பிடிக்கல, வீட்ல திட்டுறாங்க, வேற கடைல இதவிட நல்லதா பாத்தேன், இதுக்கெல்லாம் கடைக்காரர் மாத்திக் குடுத்தா அது அவரோட பெரிய மனசு. குடுக்கலன்னா வாய மூடிட்டு வந்துடணும், நேர்ல கடைக்குப் போய் பாத்து எடுத்த பொருளுக்கு பெரும்பாலான நாட்டுல சட்டமும் அதத்தான் சொல்லுது. ஆனா பொருளே ஓட்டைன்னா அங்க பெரிய மனசுக்கெல்லாம் வேலையே இல்ல. நான் குடுத்த காசு நல்ல காசு, நீ குடுத்த பொருள் நல்ல பொருளா இருக்கணும், அவ்ளோ தான் கணக்கு.

"அதான் போர்டு மாட்டிருக்காங்கள்ல, பில்லுலயும் அச்சடிச்சிருக்காங்கள்ல"ன்னு வருவீங்க. வந்துட்டீங்க ஏற்கனவே, கமெண்ட்ல பாத்தேன். போர்டு மாட்டுனா சட்டம் ஆயிடுமா? இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2020 ஜூலைல நடைமுறைக்கு வந்துது. பழுதான பொருள பில்லுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள திரும்ப எடுக்க மறுத்தா, கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள மறுத்தா, அது நியாயமற்ற வணிக நடைமுறைன்னு அதுல எழுதியே வச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல "பணம் திரும்பத் தரப்படாது"ன்னு மொட்டையா போர்டு வைக்கிறதே சட்டவிரோதம். பிரிட்டன்ல 2015 சட்டப்படி பழுதான பொருள 30 நாளுக்குள்ள குடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கலாம். ஐரோப்பிய யூனியன்ல வித்தவரோட சட்டப் பொறுப்பு குறைஞ்சது ரெண்டு வருஷம், கடைக்காரரோட வாரண்டி அட்டையில என்ன போட்டிருந்தாலும் சரி. இத்தன நாட்டுல உக்காந்து எழுதினவங்களும் உங்க வீடியோவுல வர்ற அக்கா மாதிரி கூச்சல் போடுற ஆளுங்க தானா?

அடுத்து, "அவங்களே ஒடச்சிருப்பாங்க". இந்த ஒரு வரிய கேட்டா தான் எனக்கு உடம்பெல்லாம் எரியுது. எரியிறதுக்கு காரணம் இருக்கு, சொல்றேன்.

நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா ஒரு அயர்ன் பாக்ஸ் வாங்கிட்டு வந்தாரு. வாங்கின அன்னிக்கே ப்ளக்க மாட்டி கைப்பிடிய தொட்டா ஷாக் அடிக்குது. அம்மா அலறிட்டாங்க. மறுநாள் அப்பா அத அதே அட்டைப் பெட்டியில வச்சு, அந்த தெர்மாகோல கூட ஒடையாம பொருத்தி, பில்ல சட்டைப் பாக்கெட்ல வச்சுகிட்டு போனாரு, நானும் கூட போனேன். அங்க இருந்த மேனேஜர் பெட்டியத் தொறந்து கூட பாக்கல. "கீழ போட்டீங்களா?"ன்னு தான் முதல் கேள்வி. இல்லைங்கன்னாரு அப்பா. "ஈரக் கையோட தொட்டிருப்பீங்க." இல்லைங்க. "வீட்ல வயரிங் சரியில்லாம இருக்கும்." பக்கத்துல ஒரு பத்து பேரு நின்னு வேடிக்க பாத்துகிட்டு இருக்காங்க, எங்க அப்பா யார்கிட்டயும் குரல் ஒசத்தி பேசத் தெரியாத ஆளு, அந்த மனுஷன் தன் மேல தப்பு இல்லன்னு ஒருத்தனுக்கு நிரூபிக்க பொருளக் கையில வச்சுகிட்டு நிக்கிறாரு, கடைசில அவன் "கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போங்க, எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டான். வர்ற வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட "நான் தான் அங்கயே ப்ளக்க மாட்டிப் பாத்து வாங்கியிருக்கணும்"னாரு. ஷாக் அடிக்கிற பொருள வித்தவன் மேல தப்பில்லையாம், வாங்கினவரு மேல தப்பாம். அந்தப் பெட்டி பரண்ல தான் ரொம்ப வருஷம் கெடந்துச்சு.

அதனால தான் சொல்றேன், "நீ தான் ஒடச்ச, இல்லன்னு நிரூபி"ங்கிறது சும்மா ஒரு கேள்வி இல்ல, அது கேக்க வந்த ஆள தொரத்துற டெக்னிக். இத தெரிஞ்சு தான் பிரிட்டன் சட்டத்துல, நீங்க ரிப்பேரோ மாத்தித் தரவோ கேக்குறப்ப, முதல் ஆறு மாசத்துக்குள்ள வெளிப்பட்ட பழுது விக்கும்போதே இருந்ததுன்னு தான் எடுத்துக்கணும், இல்லன்னு கடைக்காரர் தான் நிரூபிக்கணும்னு வச்சிருக்காங்க. ஐரோப்பிய யூனியன்ல அந்த காலம் குறைஞ்சது ஒரு வருஷம். நிரூபிக்கிற சுமை யார் தலைல இருக்குங்கிறது தான் மொத்த சண்டையும். பொருளப் பத்தி எல்லாம் தெரிஞ்சவன் கடைக்காரன், ஒண்ணும் தெரியாதவன் வாங்குறவன், ஆனா நிரூபிக்க வேண்டியது மட்டும் ஒண்ணும் தெரியாதவனாம்.

அந்த "கம்பெனிய பாருங்க"ங்கிறதும் அதே கதை தான். நான் காசு குடுத்தது கடைக்கு. பில்லு போட்டது கடை. அப்புறம் எங்கயோ இருக்குற கம்பெனிய நான் ஏன் தேடிப் போகணும்? ஆஸ்திரேலியாவுல இப்படி தட்டிக் கழிக்கவும் கடைக்கு உரிமை இல்ல. நம்ம ஆளுங்க இத கேட்டுட்டு சமத்தா அட்ரஸ் வாங்கிட்டு வருவோம்.

இப்ப சிலர் "உனக்கு அந்தப் பக்கத்து கஷ்டம் என்ன தெரியும்"னு கேப்பீங்க. தெரியும் சார். படிச்சு முடிச்சதும் கொஞ்ச காலம் ஒரு பெரிய கடைல ரிட்டர்ன் கவுண்டர்ல தான் நின்னேன், பழைய ஃப்ரெண்ட்ஸுக்கு தெரியும். வாரக் கடைசில ஒரு நாள் போட்டுட்டு திங்கக்கிழம டேக்கோட குடுக்குற ஆளுங்களையும் பாத்திருக்கேன், கழுத்துல சென்ட் வாசனை அடிக்கும், அக்குள்ல பவுடர் கறை இருக்கும், "தொடக்கூட இல்ல மேடம்"னு சொல்லுவாங்க. அளவு தெரியலன்னு ஒரே மாடல்ல மூணு சைஸ் ஆர்டர் போட்டு ரெண்ட திருப்பி அனுப்புறவங்களையும் தெரியும். பெட்டியில புதுசுக்கு பதில் பழச வச்சுக் குடுத்தவங்களும் உண்டு. ஏமாத்துறவங்க இருக்காங்க. ஒத்துக்குறேன். அதுக்காக?

அங்க எனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தது என்ன தெரியுமா, எது வந்தாலும் முதல் பதில் "முடியாது". பழுதா இல்லையான்னு பாக்குறதெல்லாம் அப்புறம். முடியாதுன்னு சொன்னா பாதிப் பேரு திரும்பிப் போயிடுவாங்க, மீதிப் பேருக்கு கூப்பன் குடுக்கலாம், அதுக்கும் மசியலன்னா தான் பணம். முடிவெடுக்கிற அதிகாரம் எங்க யாருக்கும் கெடையாது, அது உள்ள ஏசி ரூம்ல இருக்குற சாருக்கு, அவரு வெளிய வரவே மாட்டாரு, திட்டு வாங்குறது மட்டும் நாங்க. அதனால அந்த வீடியோவுல இருக்குற பையன் மேல எனக்கு கோவமே இல்ல, அவன் சம்பளத்துக்கு அந்த வசனத்த ஒப்பிக்கிறான். அவன முன்னாடி நிறுத்திட்டு பின்னாடி உக்காந்திருக்கிறவன் தான் பிரச்சன.

அதுல இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். நல்லா ட்ரெஸ் பண்ணிகிட்டு, நுனி நாக்கு இங்கிலீஷ்ல "ஐ வான்ட் டு ஸ்பீக் டு யுவர் மேனேஜர்"னு சொல்றவங்களுக்கு அந்த சாரு ஓடி வந்து மாத்திக் குடுப்பாரு, சென்ட் வாசனையோட வந்தாலும் சரி. பில்ல மடிச்சு கவர்ல போட்டு பத்திரமா கொண்டு வந்து, தயங்கித் தயங்கி "தம்பி இது ஓடல பா"ன்னு கேக்குறவங்களுக்கு தான் "கீழ போட்டீங்களா". ஏமாத்துறவன பிடிக்கத் தான் ரூல்ஸுன்னு சொல்றீங்களே, அந்த ரூல்ஸ்ல ஒரு ஏமாத்துக்காரனும் மாட்டி நான் பாத்ததில்ல, மாட்டுனது பூரா எங்க அப்பா மாதிரி ஆளுங்க.

பில்லுன்னதும் ஞாபகம் வருது. பில் இல்லாம வந்தா நாய தொரத்துற மாதிரி தொரத்துறது. அந்த பில்ல அடிக்கிறது தெர்மல் பேப்பர்ல, சூடு பட்டா கறுக்கும், வெயில்லயோ பிளாஸ்டிக் கவர்லயோ வச்சா எழுத்து மங்கிப் போயிடும். ஒரு வருஷம் வாரண்டி, ஆறு மாசத்துல வெள்ளப் பேப்பர். பேங்க் ஸ்டேட்மெண்ட காட்டினாலும் வாங்கினதுக்கு ஆதாரம் தான்னு பிரிட்டன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் ஏத்துக்குறாங்க. அதனால வாங்கின உடனே பில்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, என்ன திட்டுறதுக்கு முன்னாடி இத மட்டுமாவது செய்ங்க.

"சின்ன கடைக்காரர் பாவம், அவருக்கு மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மாட்டான், எல்லா நஷ்டமும் அவர் தலைல தான்"னு ஒரு தம்பி நாகரீகமா எழுதியிருந்தாரு. உண்மை தான் தம்பி, இது ஒண்ணு தான் எனக்கும் பதில் சொல்ல கஷ்டமா இருக்கு. ஆனா அவரு சண்ட போட வேண்டியது மொத்த வியாபாரியோட. எங்கிட்ட தள்ளி விட்டா எப்படி? அவருக்கு மேல ஒருத்தன் பொறுப்பில்லாம இருக்கான்னா, கீழ இருக்குற நான் ஏன் தண்டம் கட்டணும்? தவிர அந்த வீடியோவுல இருக்குறது சின்ன கடையா? பின்னாடி எஸ்கலேட்டர் ஓடுது.

"அமெரிக்காவ பாருங்க, என்ன குடுத்தாலும் சிரிச்சுகிட்டே வாங்கிக்குவாங்க, அங்க ஜனங்க ஒழுங்கு"ன்னு ஒருத்தர். ஐயா, பிடிக்கலன்னு கொண்டு வர்ற பொருள வாங்கிக்கணும்னு அங்க தேசிய அளவுல சட்டமே இல்ல, போட்டியில கஸ்டமர் போயிடக் கூடாதுன்னு கடைங்களா வச்ச பாலிசி அது. இப்ப பல கடைங்க நாள குறைச்சு, சிலது திருப்பி அனுப்ப கட்டணமும் வாங்குது. ஜனங்க ஒழுங்கும் இல்ல, கடைங்க தெய்வமும் இல்ல. அடுத்தது.

"கூப்பன் குடுக்குறேன்னு தானே சொன்னாங்க, வாங்கிட்டு போக வேண்டியது தானே?" ஏன் வாங்கணும்? ஓட்டை சூட்கேஸ் வித்த அதே கடைல, அவங்க சொல்ற கெடுவுக்குள்ள, இன்னொரு பொருள நான் கட்டாயமா வாங்கணுமா? என் பணத்த அவங்க வச்சுகிட்டு எனக்கு ஒரு சீட்டு. பிடிக்கலன்னு மாத்துறப்ப கூப்பன் சரி, பழுதுக்கு கூப்பன் கெடையாது. மறுபடியும் சொல்றேன், பிடிக்கலங்கிறது வேற, பழுதுங்கிறது வேற. இத ஒரு நூறு தடவ எழுதுனாலும் நாளைக்கு எவனாவது "அப்ப கலர் பிடிக்கலன்னாலும் திரும்ப எடுக்கணுமா"ன்னு வருவான், பாத்துகிட்டே இருங்க.

"கத்தாம பேசியிருக்கலாமே"ங்கிறவங்களுக்கு தான் கடைசியா. எங்க அப்பா கத்தாம தான் பேசினாரு. என்ன கெடச்சுது? மெதுவா பேசுனா "அடுத்த ஆளு", கத்துனா வீடியோ. எப்படித் தான் கேக்கணும்னு நீங்களே ஒரு சுருதி பிடிச்சுக் குடுங்களேன். அந்த அம்மா அந்த நாப்பது செகண்டுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் பொறுமையா நின்னாங்கன்னு வீடியோ எடுத்தவன் காட்டல, கத்த ஆரம்பிச்சதும் தான் ஃபோன தூக்கியிருக்கான். உங்க வீட்டு அம்மாவ இப்படி எடுத்துப் போட்டா சிரிப்பு எமோஜி வருமா? சும்மா கேக்கல, நெஜமா கேக்குறேன்.

யாருக்காவது இந்த மாதிரி பொருள் மாட்டியிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. முதல்ல கடைக்கு எழுத்துல குடுங்க, மெயிலோ வாட்ஸப்போ எதுவா இருந்தாலும் தேதியோட, பில் போட்டோ, பழுது தெரியிற வீடியோ சேத்து. வாய்ல பேசுனதுக்கு நாளைக்கு சாட்சி கெடையாது. கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல தகராறு பதிவு பண்ண முடியுமான்னு கேளுங்க. இந்தியாவுல இருக்குறவங்க 1915க்கு ஃபோன் போடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். லெட்டர் எழுதத் தெரியலன்னா நான் எழுதித் தரேன், காசெல்லாம் வேணாம். "இவ்ளோ சின்ன விஷயத்துக்கா இவ்ளோ பண்ணணும்"னு கேக்குறவங்க மட்டும் வராதீங்க, உங்கள பிளாக் பண்றது எனக்கு அதவிட சின்ன விஷயம்.