பழைய நிரலுக்குக் கொடுத்த வாக்கு

2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு, நேரத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கும் கணினிகளின் கணக்கு நிரம்பிவிடும். 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் அந்த எண் 2,147,483,647-ஐத் தாண்ட முடியாது. அடுத்த நொடியில் அது எதிர்க்குறிக்கு மாறி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். எண்ணை 64 பிட்டாக விரித்தால் சிக்கல் தீரும். ஆனால் அந்தக் கணினிகளில் நேரத்தைக் கையாளும் ஒவ்வொரு நிரலும் பழைய அளவை நம்பியே தொகுக்கப்பட்டிருக்கிறது, அதாவது மூலநிரலிலிருந்து கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பழையதைக் காப்பதா, புதியதற்கு மாறுவதா என்று யாராவது விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014 மே மாதத்தில் வெளியிட்ட 5.5 பதிப்பில் எல்லாக் கட்டமைப்புகளிலும் (சில்லு வகைகளிலும்) ஒரே வீச்சில் 64 பிட் நேரத்துக்கு மாறியது. பழைய பைனரிகள், அதாவது முன்பே தொகுத்து வைத்த நிரல்கள், அதன்பின் ஓடவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலும், நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி லைப்ரரியும், அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்வதால், அவர்களால் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி தொகுக்க முடிந்தது. பழைய பைனரிகளைக் காப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்ததும் இல்லை.

லினக்ஸ் கெர்னல் அந்த வாக்கைக் கொடுத்திருக்கிறது. கெர்னல் மாறியதால் பயனரின் நிரல் நின்றால் குற்றம் கெர்னலுடையதே என்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் மிகக் கடுமையாகவே எழுதினார். அதனால் நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் பழைய அழைப்புகளைத் தொடாமல், அவற்றுக்குப் பக்கத்திலேயே 64 பிட் நேரத்துக்கான புதிய அழைப்புகளை 2019-இல் 5.1 பதிப்பில் சேர்த்தார்கள். அதே கெர்னல் தன் உள்ளமைப்பில் எந்த வாக்கும் தருவதில்லை. கெர்னலின் மூலநிரல் மரத்துக்கு வெளியே வாழும், வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் அடிக்கடி உடைகின்றன. எந்த 386 சில்லுக்காக லினக்ஸ் எழுதப்பட்டதோ, அந்தச் சில்லுக்கான ஆதரவே 2013-இல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. பயனர் நிரல்களைத் தொடும் எல்லைக்கோட்டில் இவ்வளவு உறுதியாக நிற்பதால்தான் உள்ளே இவ்வளவு தாராளமாக மாற்ற முடிகிறது என்று நான் நம்புகிறேன்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது, லினக்ஸ் கெர்னல் மேல் அமைந்த இயங்குதளமான டெபியன் எடுத்த முடிவு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-க்காக, ஏஆர்எம் சில்லுகளுக்கான 32 பிட் கட்டமைப்பை அவர்கள் 64 பிட் நேரத்துக்கு மாற்றினார்கள். பழைய அளவில் தொகுத்த நிரலும் புதிய அளவில் தொகுத்த லைப்ரரியும் சத்தமில்லாமல் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது என்பதற்காக, நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பொதிப் பெயரோடு 'டி64' என்ற ஒட்டைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி தொகுத்தார்கள். ஆனால் இன்டெலின் 32 பிட் கட்டமைப்பை மட்டும் வேண்டுமென்றே பழைய நிலையில் விட்டார்கள். ஏஆர்எம் கருவிகள் 2038-க்குப் பிறகும் ஓடக்கூடும், அவற்றின் நிரல்களை மறுபடி தொகுக்கவும் முடியும். இன்டெல் 32 பிட்டை இன்று வைத்திருப்பதோ பெரும்பாலும் மூலநிரல் கிடைக்காத பழைய பைனரிகளை ஓட்டுவதற்குத்தான். அதை மாற்றினால், அது எதற்காக இருக்கிறதோ அதுவே போய்விடும். ஒரே சிக்கலுக்கு ஒரே திட்டத்துக்குள் இரண்டு எதிரெதிர் விடைகள், இரண்டும் சரி.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய வருகைப்பதிவு நிரல் இருந்தது. அதை எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார். மூலநிரல் யாரிடமும் இல்லை. மூன்று முறை இயங்குதளத்தை மேம்படுத்தியும் அது அப்படியே ஓடியது, மாதக் கடைசியில் ஊதியக் கணக்கும் தவறாமல் வந்தது. பழைய நிரல்களைக் குப்பை என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றைக்கும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று குறித்துவைக்கும் 'டபிள்யூடிஎம்பி' கோப்பைப் பாருங்கள். ஒரே கோப்பை 32 பிட் நிரலும் 64 பிட் நிரலும் படிக்க வேண்டும் என்ற இணக்கத்துக்காக, 64 பிட் இன்டெல் கணினிகளிலும் அதில் நேரத்தை 32 பிட்டாகவே வைத்தார்கள். இணக்கம் காக்கச் செய்த அந்த ஏற்பாடே 2038 சிக்கலை, அது இருந்திருக்கவே வேண்டாத கணினிகளுக்கும் கொண்டுவந்தது. டெபியன் 13 அந்தப் பழைய வடிவத்தைத் தொடராமல், புதிய தரவுத்தளத்தில் எழுதும் வேறு கருவியைக் கொண்டுவந்திருக்கிறது. பழைய கோப்பை நேரடியாகப் படிக்கும் ஸ்கிரிப்டுகளைச் சர்வர்களில் வைத்திருப்பவர்கள், மேம்படுத்தும் முன்பே அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.