பக்கத்து நாட்டின் பூஜ்யம்

அந்த விவாத நிகழ்ச்சியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். முழுதாகப் பார்க்காதவர்களுக்கும் அந்த ஒன்றரை நிமிடத் துண்டு இரண்டு நாளாக வந்துகொண்டேதான் இருக்கிறது. "ஒவ்வொரு நாட்டு வரைபடத் துறையும் உட்கார்ந்து பேசித் தரவைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, போனில் மேப் இருக்கிறது. இன்னும் எதற்கு இவர்களுக்கு மாநாடு?" என்று அதில் பேசிய ஒருவர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. எனக்கு மூன்று பேர் அதை அனுப்பி, "உங்க வேலையைத்தான் சொல்றார்" என்று எழுதியிருந்தார்கள். ஆமாம், என் வேலையைத்தான் சொல்கிறார். 22 வருடமாக வரைபடத் துறையில் நான் செய்கிற வேலை. அன்றைக்கே எழுதியிருந்தால் கோபம் மட்டும்தான் வந்திருக்கும் என்பதால் இரண்டு நாள் பொறுத்திருந்தேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கைதட்டியவர்களில் பாதிப் பேர் விஷயத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கமென்ட்களைப் பார்த்தாலே தெரிகிறது. இடஞ்சார் தரவுக் கட்டமைப்பை, அதாவது நிலம், ஆறு, உயரம் பற்றிய வரைபடத் தரவையும் அதை வைத்திருக்கும் முறையையும், பகிர்வது என்றால் ஒரு நாடு தன் வரைபடத்தைத் தூக்கி இன்னொரு நாட்டின் கையில் கொடுத்துவிடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை. தரவு அவரவர் சர்வரில், அவரவர் பொறுப்பில்தான் இருக்கும். எந்த வடிவில் தருவது, எதை ஆறு என்பது, எதை ஓடை என்பது, எல்லையில் வந்து நிற்கும் கோட்டை அந்தப் பக்கத்துக் கோட்டோடு எப்படிச் சேர்ப்பது, உயரத்தை எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது என்பதில் மட்டும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இந்தப் பூஜ்யம் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்" என்று எல்லாரும் சொல்கிறோம். எந்தக் கடல்? எந்தத் துறைமுகத்தில், எந்தக் காலத்தில் அளந்த மட்டம்? நாடுகள் இதைத் தனித்தனியாகத்தான் முடிவு செய்து வைத்திருக்கின்றன. நெதர்லாந்து ஆம்ஸ்டர்டாமின் நீர்மட்டக் குறியிலிருந்து எண்ணுகிறது. ஒட்டியே இருக்கும் பெல்ஜியம் ஒஸ்டெண்ட் துறைமுகத்தில் கடல் வற்றிய நிலையின் மட்டத்திலிருந்து எண்ணுகிறது. இரண்டு பூஜ்யங்களுக்கும் நடுவே சுமார் 2.3 மீட்டர். ஒரே சமவெளியில் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றால் ஓர் உயரம். ஓரடி தள்ளி நின்றால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் வித்தியாசம். தரை மாறவில்லை. எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு லாஃபன்பர்க் பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ரைன் நதியின் இரு கரையிலும் அதே பெயரில் இரண்டு ஊர்கள், ஒன்று ஜெர்மனியில், ஒன்று சுவிட்சர்லாந்தில். இரு கரையிலிருந்தும் பாலத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெர்மனியின் உயரம் வட கடலை வைத்து, சுவிட்சர்லாந்தின் உயரம் மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் திருத்தினார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தால் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமாக நிற்கிறது. இரண்டுமே துல்லியத்துக்குப் பேர்போன நாடுகள், பணத்துக்கும் குறைவில்லை, வித்தியாசத்தின் அளவும் கையில் இருந்தது. அப்படியும் இப்படி ஆனது. அந்த அளவு என்னவென்றே தெரியாமல், கேட்டாலும் பதில் வராமல் வேலை செய்கிறவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நான் அப்படி வேலை செய்திருக்கிறேன். நாட்டின் பெயரையும் துறையின் பெயரையும் சொல்லப் போவதில்லை, கமென்டில் கேட்க வேண்டாம். இரண்டு நாடுகளில் ஓடும் ஓர் ஆற்றுக்கு வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை. மேல்பகுதி எங்களிடம், கீழ்ப்பகுதி அவர்களிடம். எங்கள் பக்கம் நில அளவையாளர்கள் நேரில் போய் எடுத்த உயர அளவு இருந்தது. அந்தப் பக்கத்துக்கு, பழைய காகித வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து, அதிலிருந்த உயரக் கோடுகளை எடுத்து ஒட்டினோம். கணினியில் வெள்ளத்தை ஓடவிட்டேன். நீலம் மெதுவாகப் பரவி வந்தது. கிளை ஓடைகளில் ஏறியது, வளைவில் தாழ்நிலத்தை நிரப்பியது, எல்லைக்கு வந்தது. வந்து நின்றுவிட்டது. எல்லைக்கோடு நெடுக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி, சுவரில் மோதியதுபோல நின்று பின்னால் பெருகத் தொடங்கியது.

"சார், தண்ணி இங்கேயே நிக்குது" என்றேன். எங்கள் மூத்த அலுவலர் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் விரலை வைத்து அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். "அந்தப் பக்கம் பூஜ்யம் வேறம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைப் பலமுறை பார்த்தவர்.

எங்களுக்கு அவர்களுடைய வரைபடம்கூடத் தேவைப்படவில்லை. எல்லையை ஒட்டி, உயரம் அளந்து குறித்து நட்டிருக்கும் 6 பெஞ்ச்மார்க் கற்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் உயர அளவு போதும். ஆறே ஆறு எண்கள். கிடைத்தால் அரை நாளில் வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒட்டைச் சரிசெய்துவிடலாம். கடிதம் எழுதினோம். எங்கள் துறையிலிருந்து எங்கள் அமைச்சகம், அங்கிருந்து வெளியுறவுத் துறை, அங்கிருந்து அவர்கள் நாடு. மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

"சாட்டிலைட் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே, அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒருவர் கமென்டில் எழுதியிருக்கிறார். எடுத்தோம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த உயரத் தரவு உலகத்துக்கே பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரேடார் பல இடங்களில் மரக்கிளைகளையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். சில மீட்டர் பிழை சாதாரணம். மலையில் அது பரவாயில்லை. தட்டையான ஆற்றுச் சமவெளியில் ஒரு மீட்டர் என்பது ஒரு கிராமம் நனையுமா நனையாதா என்ற கேள்வி.

போன் மேப் விஷயமும் அப்படித்தான். அது வழி காட்டும், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆற்றங்கரையின் மட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று அது சொல்லாது. போதாததற்கு, தகராறுள்ள எல்லைகளை ஒரே மேப் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. வணிக நிறுவனத்துக்கு அதுதான் வசதி. அணைக்கும் பாலத்துக்கும் அது போதாது என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி இருப்பதே வருத்தமாக இருக்கிறது.

தன்னார்வலர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கிலும் இருந்து ஆட்கள் சாட்டிலைட் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மனதார வணங்குகிறேன். ஆனால் தெருவை மேலிருந்து பார்த்து வரையலாம். பெஞ்ச்மார்க் கல்லின் உயரத்தை மேலிருந்து பார்த்து எழுத முடியாது.

அடுத்தது பாதுகாப்பு. எதிர்பார்த்ததுதான். வரைபடம் என்றாலே ராணுவ ரகசியம் என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. பல நாடுகளில் வரைபடத் துறையே ராணுவத்தின் மடியில் வளர்ந்ததுதான். ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் இன்றைக்குத் தரையில் 30 சென்டிமீட்டர் வரை தெரியும் சாட்டிலைட் படத்தைப் பணம் கொடுத்தால் வாங்கலாம். பாலம் எங்கே, விமானதளம் எங்கே என்று தெரிந்துகொள்ள நினைக்கிறவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆற்றங்கரைக் கல்லின் உயரத்தை மறைத்து யாரைத் தடுக்கிறோம்? எதிரியையா, வெள்ள வரைபடம் போடுகிற என்னையா? இதைக் கேட்டால் தேசப்பற்றைச் சந்தேகப்படுகிறார்கள். எல்லையில் கல்லைத் தேடி முள்ளுக்குள் நடந்த அளவையாளர்களைத் தெரிந்தவள் நான். அவர்களின் பற்றை யாரும் எடைபோட வேண்டாம்.

செலவு என்கிறார்கள். சேராத பாலத்தைத் திருத்துகிற செலவைவிடக் குறைவுதான்.

"பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கிவிடும், தரம், வடிவம் எல்லாம் பெரியவன் சொல்வதுதான்" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டங்களில் யார் குரல் ஓங்கும் என்று பார்த்திருக்கிறேன். சின்னத் துறைகளில் நான்கு பேர்தான் இருப்பார்கள், அந்த நான்கு பேரும் தரவு வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் களத்துக்கு யார் போவது? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒத்துழைப்பே இல்லையென்றால் பெரியவனிடம் எப்படியும் எல்லாம் இருக்கும், வெறுங்கையோடு நிற்பது சின்னவன்தான்.

அப்புறம், "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று அவர் சிரித்தார் பாருங்கள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நடந்திருக்கிறது. 1816 முதல் 1855 வரை, நார்வேயிலிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டர் நீளத்துக்கு முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்கள் வானியலாளர் ஸ்ட்ரூவேயும் அவருடைய கூட்டாளிகளும். பெரும்பகுதி தந்தி பரவாத காலம். அன்றைய மன்னர்கள் ஒத்துழைத்தார்கள். அந்தக் கோடு இன்று 10 நாடுகளில் போகிறது. அத்தனை நாடுகளும் சேர்ந்து முன்வைத்து 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆர்க்டிக்கைச் சுற்றிய எட்டு நாடுகளின் வரைபடத் துறைகள் தங்கள் தரவை ஒரே இடத்தில் பார்க்கும்படி செய்ய ஒப்பந்தம் போட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இன்ஸ்பயர் என்று சட்டமே போட்டு, 34 தலைப்புகளில் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அதைச் செய்து முடிக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஒத்துக்கொள்கிறேன். எவரெஸ்ட்டின் உயரத்தில் சீனாவும் நேபாளமும் பல வருடம் வேறு வேறு எண்ணைச் சொன்னார்கள், ஒருவர் பாறையின் உச்சியையும் ஒருவர் பனியின் உச்சியையும் வைத்து. 2020 டிசம்பர் 8 அன்று இருவரும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தார்கள். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கே பேசி ஒரு எண்ணுக்கு வர முடிகிறது.

நடக்காமல் போனதும் உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே அளவில், ஒரே குறியீட்டில் வரைபடம் போடலாம் என்று 1891இல் பெர்ன் நகரத்தில் புவியியலாளர் ஆல்பிரெக்ட் பெங்க் முன்வைத்த திட்டம் ஏறக்குறைய நூறு வருடம் இழுத்து, முடியாமலேயே கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஆசை எங்களுக்கு இல்லை. ஒட்டு சேர்ந்தால் போதும்.

எங்கள் மூத்த அலுவலர் இப்போது ஓய்வில் இருக்கிறார். நேற்று போன் பண்ணினேன். அந்த வீடியோவை அவருக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "விடும்மா, அவருக்குத் தெரியாது" என்றார். அவர் விட்டுவிடுவார், எனக்கு விட மனமில்லை. தெரியாதது தப்பில்லை, தெரியாமலேயே கைதட்டு வாங்கியதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஆறு எண்களும் கடைசியில் வந்தன. ஒரே ஒரு தாள், ஆறு வரி, கீழே முத்திரை. அனுப்பிய பொறியாளர் ஓரத்தில் பென்சிலால், தாமதத்துக்கு வருந்துகிறேன், அனுமதிக்காகக் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். கணக்கிட்டுப் பார்த்தோம், வித்தியாசம் 1.38 மீட்டர். திருத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். நீலம் எல்லையைத் தாண்டி, நாங்கள் பாதுகாப்பானது என்று வெள்ளையாக விட்டிருந்த தாழ்நிலத்தில் இறங்கிப் பரவியது. வெளியே அந்த வருடத்து மழை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.